சீர்த்தட்டில் வந்த கிராஃபிக்ஸ் கார்டு

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். பட்டுப்புடவை, கொலுசு, வளையல், பழம், இனிப்பு எல்லாம் தாம்பாளத் தட்டுகளில் மேளத்தோடு வரும். வசதியான மாமனாக இருந்தால் பின்னால் ஒரு குட்டி யானை வண்டியில் பீரோவும் கட்டிலும் வரும். எனக்கு வந்த சீரில் ப்ராசஸரும் மதர்போர்டும் கிராஃபிக்ஸ் கார்டும் வெற்றிலை பாக்கோடு வந்தன. ஓரிக்கையில் விழா நடந்த அந்தச் சின்ன மண்டபத்துக்கு அப்படி ஒரு சீர் அதற்கு முன்பு வந்ததில்லை. பின்பும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அப்போது நாங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் பின்போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பா லாரி ஓட்டினார். வீட்டில் இருந்த நாட்களைவிட அவர் வழியில் இருந்த நாட்கள்தான் அதிகம். அம்மாவுக்குப் பட்டுக் கடை ஒன்றில் புடவை பிரித்துக் காட்டும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே பிரிப்பாள், நின்றுகொண்டே மடிப்பாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன் என்பதைவிட அம்மாவின் போனில் இருந்தேன் என்று சொல்லலாம். அதன் திரை மூலையில் உடைந்திருந்தது. கொஞ்ச நேரம் விளையாடினால் தோசைக்கல் மாதிரி சூடாகித் தானே அணைந்துவிடும். ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஆரம்பிப்பேன்.

மாமா அம்மாவின் அண்ணன். முசரவாக்கத்தில் நிலம், டிராக்டர், கட்சியில் கிளைச் செயலாளர் பதவி, எல்லாம் அவருக்கு இருந்தன. கரை வேட்டி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததில்லை. எதைச் செய்தாலும் நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி செய்வார். யாருக்காவது ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்பாடு செய்தால்கூட அந்த வண்டிக்கு முன்னால் இவர் பைக்கில் போவார். அவருடைய மகன் என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவன், பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான். முறைப்பையன் என்று சொந்தக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் இருவருக்கும் இடையில் கம்ப்யூட்டரைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. அவன் ஒரு கம்ப்யூட்டரைக்கூடப் பாகம் பாகமாகத் தன் கையால் பூட்டியதில்லை. ஆனால் பூட்டுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, பூட்டியவனைப் போலவே பேசுவான்.

அந்த நாட்களில் மாமா எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்தார். அதற்கு முன்பு பொங்கலுக்கு ஒரு முறை வருவதோடு சரி. இப்போது காய்கறி, வேர்க்கடலை, ஒரு முறை புது அரிசி மூட்டை என்று கொண்டுவந்து இறக்கினார். விழா வருகிறதே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, மாமன்கிட்ட இன்னா வோணும்? கூச்சப்படாம கேளு. ஆரம் வோணுமா? வண்டி வோணுமா?"

"கேமிங் பிசி மாமா."

"இன்னாது?"

"கம்ப்யூட்டர் மாமா. கேம் ஆடுறது."

"படிக்கிறதுக்குத்தான?"

"இல்ல மாமா. ஆடுறதுக்குத்தான்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "கேளுன்னு நீதான சொன்னண்ணா. அது கேட்டுடுச்சி" என்றாள்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஜில்லாவுலயே எவனும் கம்ப்யூட்டர் சீர் வெச்சிருக்க மாட்டான்" என்றார். அவர் கண்ணுக்கு அப்போதே ப்ளெக்ஸ் பேனர் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு மாமா பையனும் நானும் போனிலேயே அந்தக் கம்ப்யூட்டரைப் பல முறை பூட்டிக் கழற்றினோம். இருப்பதிலேயே உசத்தியானது மாமாவுக்குக் கட்டாது. மலிவானதில் நாங்கள் நினைத்த விளையாட்டு ஓடாது. ஆகவே நடுவாந்தரம். நடுவாந்தரம்தான் பெரிய தொல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைக்க வேண்டும். கடைசியில், கேபினட் எனப்படும் வெளிப்பெட்டி சாதாரணத் தகரமாக இருந்தாலும் பரவாயில்லை, விளையாட்டின் படத்தை வரைந்து காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு நல்லதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். நாங்கள் ஆசைப்பட்ட விளையாட்டில் ஒரு பெரிய தேசமே இருந்தது. குதிரையில் ஏறி எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்தக் கார்டு இல்லாவிட்டால் குதிரை ஓடாது, நொண்டும்.

சாமான் வாங்க மாமாவின் காரில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். மாமா, அம்மா, மாமா பையன், நான். பட்டுக் கடையில் அம்மா அன்று லீவு சொல்லியிருந்தாள்.

மாமா கடையில் பீரோ வாங்க வந்தவர் மாதிரியே நடந்துகொண்டார். கேபினட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிப் பார்த்தார்.

"தகடு மெல்லிசா கீதேப்பா. இதுல ஓட்டை வேற."

"அது காத்து போறதுக்கு சார்" என்றான் கடைப் பையன்.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. முன்னும் பக்கவாட்டிலும் கண்ணாடி வைத்த பெட்டி. உள்ளே சுற்றும் விசிறிகள் பச்சை, நீலம், ஊதா என்று நிறம் மாறிக்கொண்டே இருந்தன. மாமா அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"இதுல நம்ம கொடி கலரு வருமாப்பா?"

"எந்தக் கலர் வேணும்னாலும் வரும் சார். நாளைக்கு நீங்க கட்சி மாறினாக்கூட ரிமோட்லயே மாத்திக்கலாம்."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துவிட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இதையே போடு" என்றார்.

"அப்போ கார்ட ஒரு படி எறக்கிக்கலாமா சார்? நீங்க சொன்ன தொகைக்குள்ள வரணும்னா அப்பிடித்தான் வரும்."

"எறக்கு."

மாமா பையன் முன்னால் வந்தான். அப்பாவை அவன் நைனா என்றுதான் கூப்பிடுவான். "நைனா, லைட்டு கேம் ஆடாது நைனா. கார்டுதான் ஆடும்."

"டேய், தட்டுல வெச்சி எட்துனு போனா சனங்க எதப் பாக்கும்? கையகலத்துக்குக் கீற இந்த அட்டையப் பாக்குமா, இந்தக் கண்ணாடிப் பொட்டியப் பாக்குமா? இதோட பெரியப்பன் வந்து குந்திக்கினு இருப்பான். காதுகுத்துக்கே நான் போட்ட வளையல் மெல்லிசுன்னு சொன்னவன் அவன். இப்ப தகரப் பொட்டி எட்துனு போனா சும்மா இருப்பானா?"

மாமா பையன் பின்னால் போனான். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. கேட்ட பொருள் கைக்கு வரும்போது கொஞ்சம் சுருங்கித்தான் வரும் என்பது அந்த வயதிலேயே எனக்குப் பழகிப்போயிருந்தது. இறக்கிய கார்டில் குதிரை எவ்வளவு நொண்டும் என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அம்மா அதுவரை வாசல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வேலை நாட்களில் உட்காரக் கிடைக்காத உடம்பு, எங்கே ஸ்டூலைப் பார்த்தாலும் உட்கார்ந்துவிடும். எழுந்து வந்து கடைப் பையனைக் கேட்டாள்.

"தம்பி, எங்க பாப்பா கேட்ட கார்டு எது? எறக்கினது எது? ரெண்டையும் எடுத்து வை."

அவன் இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து வைத்தான். அம்மாவுக்கு அவற்றில் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள். கடையில் புடவையின் கனம் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தாள்.

"மூந்தானை மட்டும் பளபளன்னு இருந்தா போதுமாண்ணா? கட்டிக்கிறவளுக்குப் பொடவையோட ஒடம்பு நிக்கணும். அது கேட்ட கார்ட வாங்கு."

"அதில்லம்மா, சபையில நாலு பேரு..."

"நான் இதுவரைக்கும் உன்ன ஒண்ணும் கேட்டதில்லண்ணா. இனிமேட்டும் கேக்கப் போறதில்ல. இந்த ஒண்ண வாங்கிக் குடு."

குரல் உயரவில்லை. விலை சொல்கிற மாதிரி சொன்னாள். மாமா கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இரண்டு மூன்று நிறங்கள் மாறி முடிந்தன.

"ரெண்டையும் போடுப்பா" என்றார். "பொட்டியும் இருக்கட்டும். பாப்பா கேட்ட கார்டும் இருக்கட்டும்."

கடைப் பையன் இந்தக் கார்டுக்குக் கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்ஸும் கொஞ்சம் பெரியதாகப் போட வேண்டும் என்றான். போடு என்றார். பார்க்கிங் ரசீது கிழிப்பவனிடம்கூட வாதாடுகிற மாமா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. ஊரையே மிரட்டுகிற மனுஷன் தங்கைக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. திரும்பும்போது காரில் கார்டுப் பெட்டியை நான் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

விழா நாள் வந்தது. விசேஷம் சாயங்காலம். சீர் அடுக்குகிற வேலை மாமாவின் மனைவி, என் அத்தையுடையது. அவள் எங்கள் சாமான்களைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"எல்லாம் அட்டப் பொட்டியா வெச்சா சோப்புக் கம்பெனிக்காரன் வந்த மாதிரி கீது. பிரிங்கடி எல்லாத்தையும்."

கூட இருந்த பெண்கள் பிரித்தார்கள். தட்டில் பச்சரிசி பரப்பி அதன் மேல் ப்ராசஸரை வைத்து, நகர்ந்து போகாமல் இருக்க அதன் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தையும் வைத்தாள் அத்தை. மதர்போர்டுக்கு நாலு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். தட்டுகளை எண்ணினால் இரட்டைப்படை வந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். ஆகவே விளிம்பில் பல் பல்லாக, ஜோடியாக இருந்த ரேம் பிரிக்கப்பட்டு ஆளுக்கொரு தட்டில், இரண்டிரண்டு வாழைப்பழத்தோடு உட்கார்ந்தது.

மாமா பையன் ஓடி வந்தான். "யம்மா, சந்தனத்த வெக்காதம்மா! கெட்டுடும்மா!"

"நல்ல காரியத்துல கத்தாதடா. புதுச் சாமானுக்குச் சந்தனம் வெக்காம எட்துனு போவாங்களா? உன் பைக்குக்கு வெச்சேனே, கெட்டா போச்சி?"

அடுத்து அவள் கை கார்டுப் பெட்டிக்குப் போனது. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த மாமா நின்றார்.

"அதப் பிரிக்காத. அது எந்தங்கச்சி கேட்டு வாங்கனது. அப்பிடியே போவட்டும்."

எந்தப் பேச்சுக்கும் பதில் பேச்சு வைத்திருக்கும் அத்தை உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

ரோட்டு முனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து சீர் புறப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் லைட் எரியவில்லை என்று மாமாவுக்கு மனக்குறை. கரண்டு இல்லாமல் எரியாது என்று மகன் சொன்னதும், ஜெனரேட்டர் வண்டியிலிருந்து ஒயர் இழுத்துப் பெட்டியைச் சுற்றிச் சீரியல் லைட் கட்டச் சொன்னார். பெட்டியைத் தலையில் சுமந்தவன் ஜெனரேட்டர் வண்டியோடு கட்டப்பட்ட கன்றுக்குட்டி மாதிரி அதன் வேகத்துக்கே நடந்து வந்தான். மேளக்காரர்கள் ஒரு சினிமாப் பாட்டு வாசித்தார்கள். மண்டப வாசலில் மாமாவின் ப்ளெக்ஸ் பேனர். அதில் அவருடைய படம் பெரியது, என்னுடையது பாஸ்போர்ட் அளவு.

பெரியப்பா தட்டுகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். ரேம் தட்டுக்கு முன்னால் நின்றார்.

"இது இன்னா மச்சான், சீப்பா? ஒரு சீப்புக்கு ஒரு தட்டா?"

"தல வாரிப் பாக்கறியா? அது வெலையக் கேட்டா உனக்கு மசுரு நிக்காது" என்றார் மாமா. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பெரியப்பா தட்டிப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. அன்று மாமா ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தார்.

மறுநாள் எங்கள் பின்போர்ஷனில் பாய் விரித்துப் பூட்ட உட்கார்ந்தோம். ப்ராசஸரைத் திருப்பிப் பார்த்த மாமா பையனின் முகம் மாறிவிட்டது. அதன் அடியில் மயிரிழை மாதிரி மெல்லிய கம்பிகள் வரிசை வரிசையாக இருக்கும். எலுமிச்சம்பழம் அழுத்தியதில் ஒரு மூலைக் கம்பிகள் சாய்ந்திருந்தன. நடுவில் அரிசி நொய் வேறு. அதை இனிமேல் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அம்மா தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக நிமிர்த்தினான். நான் போன் டார்ச்சைப் பிடித்தேன். மதர்போர்டில் காய்ந்திருந்த சந்தனத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டி எடுத்தோம். மூலையில் கொஞ்சம் போகவே இல்லை. கடைசிவரை அது அங்கேயே இருந்தது.

பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் விசிறிகள் சுற்றி நிறம் மாறின. நாங்கள் இருவரும் கத்திவிட்டோம். முன் வீட்டில் தறிச் சத்தம் நின்று, யாருக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு எனக்கு உலகம் அந்தத் திரைதான். குதிரை நொண்டவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து உட்காருவேன், அம்மா வேலை முடிந்து வந்து சோற்றுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்க மாட்டேன். அவளுக்கு அதில் ஆர்வம் கிடையாது. கரண்டு பில்லைப் பற்றி மட்டும் எப்போதாவது கேட்பாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மாமாவின் கார் வந்தது. அம்மா ஆதார் அட்டையும் போட்டோவும் எடுத்து மணிபர்சில் வைத்துக்கொண்டாள். "பத்திர ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். வெளிய போனா கதவப் பூட்டிக்கினு போ" என்றாள். நான் ஹெட்போனைக் கழற்றாமல் தலையை ஆட்டினேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

முசரவாக்கத்தில் தாத்தா உயில் எதுவும் எழுதாமல் விட்டுப்போன நிலத்தில் அம்மாவுக்குப் பாதி உண்டு. பக்கத்தில் ரோடு அகலமாகப் போகிறது என்று பேச்சு வந்ததும் நிலத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள். அம்மா கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது. அண்ணன் சீரை நன்றாகச் செய்துவிட்டால் தங்கை பங்கு கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அம்மாவும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிய வருடங்கள் ஆயின. ப்ளஸ் ஒன்னோடு படிப்பை விட்டுவிட்டு நான் ஓசூரில் ஒரு கம்பெனி ஹாஸ்டலில் இருந்தபோது மாமா பையன் போனில் வேறு எதையோ பேசும்போது நடுவில் சொன்னான். "உங்கம்மா விட்டுக் குடுத்த பங்குதான அது" என்றான். எனக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறான்.

அந்த நிலம் இப்போது பிளாட் கல் நட்ட மனைகள். மாமா கெட்டவர் இல்லை. எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார், சீரை மட்டும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார். நாங்கள் பிள்ளையார்பாளையத்திலிருந்து வாடகை கட்டுப்படியாகாமல் வேறு வீடு, அங்கிருந்து வேறு வீடு என்று போய்க்கொண்டிருந்தோம். நான் ஓசூர், கோயம்புத்தூர், பெங்களூர் என்று எங்கும் நிலைக்காமல் சுற்றினேன். கண்ணாடிப் பெட்டி ஒரு வீடு மாற்றும்போது உடைந்தது. மற்ற பாகங்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. கார்டு மட்டும் என் பையில் இருக்கிறது. இப்போது வருகிற எதற்கும் அது உதவாது.

பத்திர ஆபீஸுக்குப் போன அன்று அம்மா மதியத்துக்கு மேல் வந்தாள். மாமா வாங்கிக் கொடுத்தது என்று பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்தாள். புடவைகூட மாற்றாமல் என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்தாள். முதல் முறையாக, நான் ஆடுவதைப் பார்த்தாள். குதிரை ஒரு பெரிய புல்வெளியில் போய்க்கொண்டிருந்தது.

"இது யார் நெலம்?"

"யாருதும் இல்லம்மா. கேம்ல வர்றது."

"வரப்பே காணம்."

"வரப்பெல்லாம் இருக்காது."

"எதுவரைக்கும் போவுது?"

"போயிக்கினே இருக்கும்மா."

"அந்தக் கார்டுதான் இதெல்லாம் காட்டுதா?"

"ஆமாம்மா. கொஞ்சம் பேசாம இரேன்."

பேசாமல் இருந்தாள். பிறகு, "அந்தப் பக்கம் திருப்பு, இன்னா இருக்குதுன்னு பாக்கலாம்" என்றாள்.

அந்தப் பக்கம் எதிரி கிடையாது, எடுப்பதற்கு எதுவும் கிடையாது. எனக்கு ஆட்டம் கெடும். ஒரு முறை திருப்பிக் காட்டினேன்.

"வெறும் புல்லுதாம்மா" என்று சொல்லிவிட்டு, குதிரையை என் வழிக்கே ஓட்டிக்கொண்டு போனேன்.